கியர் பெட்டிக்குள் தண்ணீர் போன வழி

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நீர்த்தேக்கங்களில் எவ்வளவு சேறு படிந்திருக்கிறது என்று அளக்கும் அரச அலுவலகம் அது. அதன் பிலிமத்தலாவைப் பட்டறையில் இருபத்தெட்டு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படகு எஞ்சின்களைப் பரிசோதிக்கும் முறையை இப்போது வரிசையாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப்போகிறார்களாம். பழைய ஆள் என்பதால் ஒருமுறை வாசித்து, பிழை இருந்தால் சொல்லும்படி கேட்டிருந்தார்கள்.

வாசித்தேன். பிழை இல்லை. ஏழாவது வரி இப்படி இருந்தது: 'கியர் பெட்டிக்குள் காற்றடித்துப் பார்த்த பின்னர், உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சியும் பார்க்க வேண்டும்.' ஏன் என்று ஒரு சொல் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "கடுதாசியப் படிச்சிட்டு என்னங்க தனியாச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். அந்த ஏழாவது வரி எங்கள் பட்டறைக்கு வந்ததே என்னால்தான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் விட்ட ஒரு பிழையால். சுவரில் ஒட்டும் தாளில் அதற்கெல்லாம் இடம் இருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது கண்டியில் ஒரு லொறி கராஜில். ஆறு வருடம் லொறிக்குக் கீழேயே படுத்துக் கிடந்தேன். பிறகு அரச வேலை கிடைத்தது. அங்கேயும் லொறி, ஜீப், புல்டோசர் என்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் இரண்டு அவுட்போட் எஞ்சின்கள் வந்து இறங்கின. வேறு ஒரு அலுவலகம் ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட பழைய சாமான்கள். அவை வந்த நேரம் மற்ற எல்லோரும் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் நின்றேன். லொறிக்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து அவை இரண்டும் என் பொறுப்பு. கடலையே பத்து வயதுக்குப் பிறகுதான் பார்த்த தேயிலைத் தோட்டத்துப் பையன் படகு எஞ்சின் மெக்கானிக் ஆனது இப்படித்தான்.

அவுட்போட் எஞ்சினைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். படகின் பின்பலகையில் மாட்டுவது அது. மேலே எஞ்சின், நடுவில் நீளமான கால், கால் முடியும் இடத்தில் தண்ணீருக்குள் ஒரு அலுமினியப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் ஒயிலில் மூழ்கிக் கிடக்கும். பெட்டியின் பின்னால் ஒரு தண்டு வெளியே வந்து புரொப்பெல்லரைச் சுற்றும். தண்டு வெளியே வரும் துளையில் இரண்டு ரப்பர் வளையங்கள் அடுத்தடுத்து இருக்கும். சீல் என்போம். சீல் கெட்டால் தண்ணீர் உள்ளே போகும். ஒயில் பால் தேத்தண்ணி நிறமாகிவிடும். கவனிக்காமல் ஓட்டினால் பல்சக்கரம் துருப்பிடித்து, என்றாவது ஒரு நாள் நடுத் தண்ணீரில் இறுகி நின்றுவிடும். அணைக்கட்டின் கதவுகள் திறந்திருக்கும் நாளில் அப்படி நின்றால் படகில் இருப்பவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு?

முதல் கசிவை நான் கண்டுபிடித்த விதம் பெருமைப்படும்படி இல்லை. பெட்டியை முழுதாகக் கழற்றி, பழையதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சீலாக மாற்றிய பிறகுதான், ஒயில் ஊற்றும் துளையின் திருகாணிக்குக் கீழே வாஷரே இல்லை என்று கண்டேன். சுண்டுவிரல் மோதிரத்தை விடச் சிறிய வாஷர். அதற்குப் பிறகு எந்தக் கசிவு வந்தாலும் திருகாணியில்தான் தொடங்குவேன். அடுத்து கியர் மாற்றும் கம்பி உள்ளே போகும் இடம், அடுத்து தண்ணீர் பம்புக்குக் கீழே, கடைசியாகப் புரொப்பெல்லர்த் தண்டு. ஒயிலை வடித்துவிட்டு, திருகாணித் துளையில் ஒரு குழாயைப் பூட்டி, மீட்டர் பத்து இறாத்தல் (பவுண்ட்) அழுத்தம் காட்டும்வரை கைப்பம்பால் காற்றடித்து, எல்லாப் பக்கமும் சவர்க்காரத் தண்ணீர் பூசுவேன். தண்டை மெதுவாகக் கையால் சுற்றுவேன். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கே கசிவு. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இப்படி எத்தனையோ கண்டுபிடித்தேன். 'தண்ணி டொக்டர்' என்று பட்டறையில் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

எங்கள் படகோட்டி நஸார் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். கலகெதரைக்காரர். என்னை விட ஐந்து வயது மூத்தவர். தினமும் படகை விட்டு இறங்குவதற்கு முன் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பதைப் போல. எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே நிமிர்த்திவிட்டு, பெட்டியின் கீழ்த் திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தி, விரலில் ஒரு துளி ஒயிலைத் தொட்டும் பார்ப்பார். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஒரு முறை மீன்பிடிக்காரர்களின் நைலோன் நூல் தண்டில் சுற்றிக்கொண்டு சீல் இரண்டையும் அறுத்துவிட்டது. பழைய சீல் வெளியே வரும்போது துண்டு துண்டாகக் கிழிந்து வந்தது. நீர்கொழும்பிலிருந்து புதிய சீல் எடுப்பித்தேன். லொறிச் சக்கரங்களுக்கு ஆயிரம் சீல் போட்ட கை என்னுடையது. போட்டேன், காற்றடித்தேன், பத்து இறாத்தல் அரை மணித்தியாலம் அசையாமல் நின்றது. படகு போனது.

மூன்று வாரத்தில் ஒயில் மறுபடியும் பால் தேத்தண்ணி.

மறுபடியும் சீல் மாற்றினேன். காற்று நின்றது. இரண்டு வாரத்தில் மறுபடியும் பால். மூன்றாம் முறை நானா எஞ்சினைக் கொண்டுவந்தபோதே எனக்கு முகம் சரியில்லை.

"பழனி, ஒண்டு செல்லட்டா?" என்றார் நானா. "எஞ்சின் ஓடுற நேரம் ஒண்டுமே இல்ல. நிப்பாட்டி வெச்சாத்தான் கெட்டுப்போகுது."

நான் சிரித்துவிட்டேன். "எஞ்சின் ஓடாம சும்மா நிக்கிறப்ப எப்படி நானா கெடும்? தூங்குற மனுசனுக்குக் கால் உடையுமா?"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானா எஞ்சினை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை பெட்டிக்குக் கீழே மீன் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் புதிய கீறல்களைக் கண்டேன். கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. அறிக்கை எழுதினேன்: 'படகோட்டியின் கவனக்குறைவால் புரொப்பெல்லர் பாறையில் மோதித் தண்டு வளைந்துள்ளது. ஆகவே சீல் நிற்கவில்லை.' தண்டு வளைந்திருக்கிறதா என்று அளக்கவில்லை. பாறையை யாரும் கண்டதுமில்லை. ஆனால் தண்ணி டொக்டர் எழுதிவிட்டார். கண்டித் தலைமை அலுவலகம் அதை அப்படியே நம்பியது. ஒரு வாரத்தில் நானாவைப் படகிலிருந்து எடுத்து எங்கள் பட்டறை வாசலில் உட்கார வைத்தார்கள். வருகிறவர் போகிறவர் நேரத்தைப் புத்தகத்தில் எழுதும் வேலை. இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் விசாரணை என்றும், அதில் குற்றம் உறுதியானால் படகோட்டிப் பதவி போய்த் தூர மாவட்டம் ஒன்றுக்கு மாற்றம் வரும் என்றும் பேச்சு. ஒவ்வொரு நாள் காலையும் நான் வாசலைக் கடக்கும்போது நானா என் முகத்தைப் பார்க்காமல், "ஆறு அம்பத்தஞ்சு" என்று நேரத்தை மட்டும் சொல்லி எழுதுவார்.

இந்த நிலையில்தான் புதிய பொறியியலாளர் வந்தார். சுகந்தினி மிஸ், யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வயதுகூட இராது. பேராதனையில் படித்தவர். மழைக்கு முன்னால் சேறளந்து முடிப்பது அவர் பொறுப்பு. வந்து பார்த்தால் ஒரு எஞ்சினுக்கு மாற்றுப் பாகமே கிடைக்கவில்லை, மற்றது கழற்றிக் கிடக்கிறது, படகோட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் தன் அறையில் இருந்துகொண்டு யாரையும் கூப்பிட்டு விடுவதில்லை. கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்து வேலை மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்காருவார். பென்சில் காதில் இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். நீங்கள் செய்தது பிழை என்று சொல்லவும் மாட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரைக்கும் கண்ணை எடுக்காமல் காத்திருப்பார். முதல் வாரம் அந்தக் காத்திருப்பு எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

என் அறிக்கையை மேசையில் வைத்தார்.

"பழனிவேல் அண்ணை, தண்டு வளைஞ்சிருக்கு எண்டு எழுதியிருக்கிறியள். எப்பிடித் தெரியும்?"

"கீறல் இருக்குங்க மிஸ். பாறையில அடிச்சா அப்படித்தான் வரும்."

"கீறல் இருக்கிறது தெரியுது. வளைஞ்சது எப்பிடித் தெரியும்?"

அவர் காத்திருந்தார். கடைசியில் நானே தண்டை எடுத்துத் தாங்கிகளில் வைத்தேன். மரக்கட்டையில் ஒரு ஆணியை அடித்து, அதன் கூர் தண்டைத் தொடுகிற மாதிரி நிறுத்தினேன். தண்டைச் சுற்றினேன். வளைந்திருந்தால் ஒரு பக்கத்தில் ஆணியைத் தள்ளும், மறுபக்கத்தில் இடைவெளி விடும். முழுச் சுற்றும் சுற்றினேன். சிகரெட் தாள் ஒன்றை இடையில் வைத்தும் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உரசியது. தண்டு புதுத் தண்டு போல நேராக இருந்தது.

"கீறல், படகைக் கரைக்கு இழுக்கேக்க மணல்ல பட்டிருக்கலாம்" என்றார் மிஸ். குறை சொல்லும் குரல் அல்ல அது. வானிலை சொல்லும் குரல். "எஞ்சினோட முழு நாளும் நிண்டவர் ஆர்?"

நானாவைக் கூப்பிட்டோம். வாசல் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தார். மிஸ் எழுந்து தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார். நானா உட்காரவில்லை.

"எந்த நாள்ல ஒயில் பழுதாகும், எந்த நாள்ல பழுதாகாது, சொல்லுங்கோ பாப்பம்."

"நான் அன்டைக்கே சென்னேன் மிஸ், கேக்க ஆளில்ல" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார் நானா. "விடியக்காலம் தொடக்கம் நிப்பாட்டாம ஓடுற நாள்ல ஒயில் தேன் மாதிரி இரிக்கும். நடுவுல நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் சேறளக்கிற நாள்ல, அந்திக்குப் பாத்தா பால்."

மிஸ் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுதவில்லை.

"சூடா ஓடின பெட்டி குளிர் தண்ணிக்குள்ள நிண்டா, உள்ளுக்க இருக்கிற காத்துச் சுருங்கும். சுருங்கினா வெளியில இருக்கிறதை இழுக்கும். அண்ணை, நாங்கள் உள்ளுக்க இருந்து தள்ளித்தானே பாத்தனாங்கள்? தண்ணி வெளியில எல்லோ நிக்குது. ஒருக்கா இழுத்துப் பாக்கேலாதோ?"

பட்டறையில் காற்றை உறிஞ்சும் கருவி எதுவும் இல்லை. ஆனால் எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். அதை நானே சொன்னேன். சைக்கிள் பம்புக்குள் கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால், காற்றடிக்கும் பம்பு காற்றிழுக்கும் பம்பாகிவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ரப்பர்க் குழாயை மடித்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பூச்சியத்துக்குக் கீழேயும் காட்டும் மீட்டர் ஒன்றைப் பக்கத்துக் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடையில் இரவல் வாங்கினோம். கழற்றிக் கிடந்த பெட்டியில் மூன்றாம் முறையாகப் புதுச் சீல் போட்டுப் பூட்டி, காற்றடித்துப் பார்த்தேன், நின்றது. குழாய் பிடிக்க நானா முன்வந்தார்.

பம்பைக் கழற்றி அந்தத் தோல் வாஷரைக் கையில் எடுத்தேன். அதன் விரிந்த விளிம்பான உதடு முன்பக்கம் பார்த்திருந்தால் காற்றை முன்னால் தள்ளும். பின்பக்கம் பார்த்திருந்தால் பின்னால் இழுக்கும். உதடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து அழுத்தத்தை மட்டும்தான் அது தாங்கும். திருப்பிப் போடப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது.

சீலுக்கும் அதே மாதிரி உதடு உண்டு. லொறிச் சக்கரத்தில் வெளியே இருப்பது காற்றும் தூசியும். ஒயில் வெளியே வராமல் பார்த்தால் போதும். அதனால் உதடு எப்போதும் உள்ளே பார்க்கும். படகு எஞ்சினில் சீல் இரண்டு இருப்பது ஒன்றுக்கு ஒன்று துணையாக அல்ல. ஒன்று உள்ளே பார்த்து ஒயிலைப் பிடிக்க, மற்றது வெளியே பார்த்துத் தண்ணீரைத் தடுக்க. அதுவரை நான் பார்த்த கசிவுகளில் தண்டுச் சீல் இரண்டும் ஒருசேரப் போனதே இல்லை. ஒன்று கெடும், அது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமாகவே புதியதைப் போடுவேன். இந்த முறை பார்த்துப் போட எதுவும் மிஞ்சவில்லை. என் கை தன் பழக்கப்படி இரண்டையும் உள்ளே பார்க்கப் போட்டுவிட்டது. மூன்று முறையும். உள்ளிருந்து காற்றடித்தால் இரட்டைக் கதவு போல நிற்கும். வெளியிலிருந்து வரும் தண்ணீருக்கு இரண்டுமே திறந்த கதவு.

அந்த இடத்தில் அதை அறிந்தவன் நான் ஒருவன்தான். எதையாவது சொல்லிச் சோதனையைத் தள்ளிப்போட்டு, மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சீலைச் சரியாக மாற்றிவிடலாம். கசிவும் நிற்கும், என் பெயரும் நிற்கும். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய் அறிக்கை. வந்தது. பக்கத்தில் நானா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழாயை எந்த இடத்தில் மடித்தால் நன்றாக அடைபடும் என்று மும்முரமாக மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாஷரைத் திருப்பிப் போட்டுப் பம்பை மூடினேன்.

இழுத்தேன். நானா மடித்தார். இழுத்தேன், மடித்தார். மீட்டர் முள் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. நிறுத்தினோம். முள் மெதுவாகத் திரும்பி ஏறியது. நான் ஒயில் கானை எடுத்துத் தண்டைச் சுற்றி நான்கு துளி விட்டேன். நான்கு துளியும் தண்டோரமாகச் சுழன்று, சின்னச் சத்தத்தோடு உள்ளே போய்விட்டன.

"எப்பிடி அண்ணை இது? மற்றப் பக்கம் அப்பிடி நிண்டதே" என்றார் மிஸ்.

"சீல் ரெண்டையும் நான் ஒரே பக்கம் பாக்கப் போட்டுட்டேங்க மிஸ். ஒண்ணு வெளிய பாக்கணும். பாறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணு வாட்டியும் என் தப்பு." பிறகு நானாவின் பக்கம் திரும்பினேன். "நானா, உங்க மேல எழுதுனது பொய்ங்க."

பட்டறையின் மறுகோடியில் யாரோ சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப இத விடுறதா, பிடிச்சிக்கிட்டே நிக்கிறதா?" என்று கேட்டார் நானா. குழாய் இன்னும் அவர் விரல்களுக்கிடையில் மடிந்தே இருந்தது.

மிஸ் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிக்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

நானா குழாயை விட்டார். "ரெண்டு மாசமா ஒங்கட பேர எழுதி எழுதி எனக்கு எழுத்து அழகாப் போச்சு, பழனி" என்றார். கொஞ்சம் பொறுத்து, தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க எழுதினது கூட எனக்குப் பெரிசில்ல. மனுசன் பிழை விடுவான். நான் சென்னதுக்கு எல்லாருக்கும் முன்னால சிரிச்சீங்களே, அதுதான் நித்திரையில்லாமப் பண்ணிச்சு."

நான் பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சீல் இரண்டையும் வெளியே எடுத்தேன்.

புதிய அறிக்கையை நான் எழுதித் தர வேண்டும் என்றார் மிஸ். எப்படி எழுதுவது என்று கேட்டேன். "நடந்ததை எழுதுங்கோ அண்ணை. நான் கண்டதை நான் எழுதுறன்" என்றார். தன் அறிக்கையில் அவர் ஒரு சொல்லை மென்மையாக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. இரண்டு அறிக்கைகளையும் நானே கண்டிக்குக் கொண்டுபோனேன். தலைமை அலுவலகத்தில் என்னுடையதை வாசித்த எழுதுவினைஞர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஐயா, முறைப்பாடு யார் மேல?"

"என் மேலங்க."

"முறைப்பாடு பண்றது?"

"நாந்தாங்க."

மேசையில் இருந்த படிவங்களை எல்லாம் புரட்டினார். முறைப்பாடு செய்பவருக்கு ஒரு கோடும் செய்யப்பட்டவருக்கு ஒரு கோடும் இருந்தன. இரண்டிலும் ஒரே பெயரை எழுதலாமா என்று அவருக்குச் சந்தேகம். மேலதிகாரியிடம் போனார், அவர் இன்னொரு அறைக்கு அனுப்பினார். நான் மூன்று மேசை ஏறி இறங்கினேன். மூன்றிலும் சீலின் உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். மூன்றாம் மேசையில் இருந்த அம்மாவுக்குத்தான் உடனே விளங்கியது. தன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் இப்படித்தான் கெட்டதாகச் சொல்லி, அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். விசாரணை இரத்தானது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அலுமாரியில் இப்போதும் இருக்கிறது, மனைவியின் சேலைகளுக்குக் கீழே.

இதெல்லாம் முடிய எடுத்த இரண்டு வாரத்துக்குள் சீலைச் சரியாகப் போட்டேன். உள்சீலின் உதடு பல்சக்கரத்தைப் பார்க்க, வெளிச்சீலின் உதடு புரொப்பெல்லரைப் பார்க்க, இரண்டுக்கும் நடுவில் கிரீஸ். காற்றடித்தேன், நின்றது. உறிஞ்சினேன், நின்றது. மிஸ் பட்டறைப் புத்தகத்தில் உறிஞ்சிப் பார்க்கும் முறையை ஒரு வரியாகச் சேர்த்தார்.

நானா படகுக்குத் திரும்பிய அன்று மூவரும் நீர்த்தேக்கத்துக்குப் போனோம். மெக்கானிக் படகில் ஏறுவது வழக்கமில்லை. நான் கேட்டு ஏறினேன். நீந்தத் தெரியாதவன் என்பதால் நானா எனக்கு உயிர்காப்பு உடையை மாட்டி, வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். முக்கால் மணித்தியாலம் முழு வேகத்தில் ஓட்டினார். நடுத் தண்ணீரில் எஞ்சினை நிறுத்தினார். பெட்டி நன்றாகக் குளிரட்டும் என்று ஒரு மணித்தியாலம் அப்படியே மிதந்தோம். மிஸ் கயிற்றை இறக்கிச் சேறளந்தார். நானா போத்தலிலிருந்து சாயத் தேத்தண்ணி ஊற்றி, பனங்கட்டித் துண்டு ஒன்றை என் கையில் வைத்தார். ஒவ்வொரு நிமிடமும் கீழே அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். நானா மலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் படகு நிற்பதற்கு முன்பே பின்பக்கம் போனேன். எஞ்சினை நிமிர்த்தி, கீழ்த் திருகாணியைத் தளர்த்தினேன். தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் வரும். ஒரு துளி வந்தது. விரலில் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சளாக, கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

"நானா, பாருங்க! இங்க பாருங்க!" என்று கத்தினேன்.

நானா திரும்பவில்லை. கயிற்றை மரத்தில் கட்டிக்கொண்டே மிஸ்ஸிடம் கேட்டார்: "நாளைக்கு எத்தன மணிக்கு மிஸ்?"

"ஆறரைக்கு வாறன், நானா."

"ஆறு மணிக்கே வாங்க. அந்த நேரத்துலதான் காத்து இரிக்காது."

நான் விரலைத் துடைத்துக்கொண்டு திருகாணியை இறுக்கினேன்.